மஞ்சள் பெயிண்ட் தீர்ந்துபோனதால் வந்த வினை

பெயிண்டர் பாரி அன்றைக்கு இன்னும் அரை லிட்டர் மஞ்சள் பெயிண்ட் வாங்கியிருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லாமல் போயிருக்கும். வாங்கவில்லை. ராயபுரத்தில் பெயிண்ட் கடையைச் சாத்திவிட்டார்கள், வெயில் மண்டையைப் பிளந்தது, சாயங்காலத்துக்குள் சப்ளை கொடுத்தாக வேண்டும். எட்டு விதப் பலகைகளில் ஏழு விதம் அடித்து முடித்துக் காய்ந்துகொண்டிருந்தது. காசிமேட்டில் ஒரு விசைப்படகுக்கு அடித்து மிச்சமான நீலம் அரை டப்பா மூலையில் கிடந்தது. எட்டாவது விதத்துக்கு அதை அடித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு டீ குடிக்கப் போனான். நாட்டில் எத்தனையோ பேர் எத்தனையோ வேலையை இப்படித்தான் முடிக்கிறார்கள். யார் பேரிலும் சுற்றறிக்கை வருவதில்லை.

பலகைகள் போய்ச் சேர்ந்த இடம் விம்கோ நகரில், எப்போதோ மூடிப்போன ஒரு தொழிற்சாலையின் கிடங்கில் நடக்கும் 'கடலோரச் செயலி உருவாக்கப் பயிற்சி நிலையம்'. போனில் ஓடுகிற ஆப்பை, ஒரு வரி கூட எழுதாமல், கலர் கலரான பிளாக்குகளைப் பொருத்தியே செய்துவிடலாம் என்று சொல்லித்தருகிற இடம். விஷயம் நிஜமாகவே எளிது. 'இது நடந்தால்' என்று சொல்கிற பிளாக் ஒரு விதம்; அதற்கு நிகழ்வு பிளாக் என்று பெயர். அதன் வயிற்றுக்குள், என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிற பிளாக்குகளைச் சொருகினால் தீர்ந்தது. எண்களுக்கு ஒரு விதம், எழுத்துகளுக்கு ஒரு விதம், ஆமாம்-இல்லைக்கு ஒரு விதம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அரை நாளில் பிடித்துக்கொள்கிறார்கள். நிலையத்தில் இதற்கு ஆறு மாதம்.

ஆறு மாதம் ஏன் ஆகாது? எட்டு விதத்துக்கு எட்டுப் பிரிவு, எட்டுப் பொறுப்பாளர், எட்டு வருகைப் பதிவேடு. கம்ப்யூட்டர் இல்லாமல் இல்லை. இருபது வந்து இறங்கி, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் ஓர் அறையில் இருக்கின்றன. அந்த அறையைத் திறந்துவைக்க ஒரு சிறப்பு விருந்தினர் வர வேண்டும். அவர் பதினான்கு மாதமாக வந்துகொண்டே இருக்கிறார். ஒவ்வொரு தடவையும் டோல்கேட் வரைக்கும் வந்து, கண்டெய்னர் லாரி வரிசையில் மாட்டிக்கொண்டு, திரும்பிப் போய்விடுகிறார். அதுவரை கதவில் சிவப்பு ரிப்பன். நிலக்கரித் தூசி புகாமல் இருக்க ஜன்னல்களை எல்லாம் அடைத்து ஒட்டியாயிற்று. அறை வாசலில் ஒரு போர்டு: 'செல்போன்களை வெளியே தட்டில் வைக்கவும். வைரஸ் பரவும்.' ஆகவே பாடம் எல்லாம் ஒட்டுப்பலகையில்.

அங்கே படிக்க வந்தவள் பாரியின் மனைவி யசோதரா. வியாசர்பாடிக் குடியிருப்பிலிருந்து காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டுக்குத் தினமும் வேனில் போகிறவள். காலிப் பெட்டிகளுக்குள் ஏறிக் கூட்டிக் கழுவி விடுவதுதான் அவளுக்கும் இன்னும் பதினோரு பெண்களுக்கும் வேலை. ஒரு மே மாதம் நெட்டுக்குப்பத்து ஜூடி ஒரு பெட்டிக்குள் குனிந்து தேய்த்துக்கொண்டிருந்தபோது, உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் யாரோ கதவைச் சாத்திக் கொண்டியை மாட்டிவிட்டுப் போய்விட்டான். நாற்பது நிமிஷம். யார்டு இரைச்சலில் அவள் தட்டியது யாருக்கும் கேட்கவில்லை. இரும்புக்குள் போனில் சிக்னலும் இல்லை. திறந்தபோது ஜூடிக்குப் பேச்சு வரவில்லை. இரண்டு கையும் வீங்கியிருந்தது.

அன்றிலிருந்து யசோதராவுக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. சோறு பிசையும்போதும் யார் எந்தப் பெட்டியில் என்று மனசு எண்ணிக்கொண்டே இருந்தது. பெட்டிக் கதவில் சிவப்புத் துணி கட்டிப் பார்த்தார்கள், கடல்காற்று கொண்டுபோய்விட்டது. அப்புறம் அவளுக்கே ஒரு யோசனை வந்தது. கேட்டில் மேஜைமேல் யார்டுக்குப் பொதுவான போன் ஒன்று எப்போதும் கிடக்கிறது. பெட்டிக்குள் போகிறவள் அதில் தன் பெயரை ஒரு தரம் தட்ட வேண்டும். வெளியே வந்ததும் மறுபடி தட்ட வேண்டும். பதினைந்து நிமிஷத்தில் இரண்டாவது தட்டு விழவில்லை என்றால் போன் கத்த வேண்டும். அவ்வளவுதான்.

சூப்பர்வைசர் திலீப் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"ஐடியா ஷோக்காத்தான் கீதுக்கா. ஆனா கண்ட ஆப்பையும் கம்பெனி போன்ல ஏத்தக் கூடாதுன்னு சேஃப்டி ஆபீசர் ரூலு போட்டுகிறாரு. செஞ்ச ஆளுக்கு சர்ட்டிபிகேட் நம்பர் இருக்கணுமாம். அது இருந்தா நாளைக்கே ஏத்திரலாம்."

அந்த நம்பருக்காகத்தான் அவள் வேலை முடிந்து, ஈரப் புடவையோடு, விம்கோ நகரில் இறங்கினாள்.

முதல் வாரம் வணக்கம் சொல்லும் முறை நடந்தது. இரண்டாம் வாரத்திலிருந்து மாணவர்களே பிளாக்குகள் ஆனார்கள். ஆளுக்கொரு பலகையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மைதானத்தில் வரிசையில் நிற்க வேண்டும். நிகழ்வு பிளாக் மாட்டியவர் முன்னால். அவர் 'நிகழ்ந்தது' என்று சொன்னால்தான் பின்னால் இருப்பவர்கள் அசையலாம். ஒரு நாள் நிகழ்வு பிளாக் மாட்டிய ரோஷன் என்கிற பையனுக்கு வயிற்றுப்போக்கு. அவன் வராததால் மற்ற இருபத்து மூன்று பேரும் வெயிலில் ஒன்றேகால் மணி நேரம் நின்றார்கள். அன்றைய பாடம் வெற்றி என்று பதிவேட்டில் ஏறியது.

நிகழ்வுப் பிரிவின் பொறுப்பாளர் தேவப்பிரியம். கணக்குப் பிரிவுக்கு ஷிபின். இருவர் மேஜைக்கும் நடுவே நான்கடி. ஆனாலும் நிகழ்வு பிளாக்குக்குள் 'பதினைந்து' என்ற எண்ணைச் சொருக வேண்டும் என்று யசோதரா கேட்டபோது, தேவப்பிரியம் ஷிபினுக்கு ஒரு கடிதம் எழுதி, அது இயக்குநர் அறைக்குப் போய், பதினோரு நாள் கழித்து 'பதினைந்து வழங்கலாம்' என்ற குறிப்போடு திரும்பி வந்தது. அந்தப் பதினோரு நாளும் ஜூடி பெட்டிகளுக்குள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள்.

யசோதராவுக்குப் பொறுக்கவில்லை. திருவொற்றியூர் தேரடிப் பக்கம் ஜஹாங்கீர் பாய் வைத்திருக்கும் ஜெராக்ஸ் கடையில் ஒரு கம்ப்யூட்டர் உண்டு. நான்கு சாயங்காலம் அங்கே உட்கார்ந்தாள். திரையில் பிளாக்குகள் சொன்னபடி கேட்டன. நகர்த்தினால் 'டக்' என்று ஒட்டிக்கொண்டன. எண் பிளாக்கைச் சொருக யாரும் கடிதம் கேட்கவில்லை. கத்துகிற சத்தத்துக்கு ஜூடியின் குரலையே பதிவு செய்தார்கள். ஐந்தாவது நாள் ஆப் வேலை செய்தது. கடைக்கு வந்திருந்தவர்கள் எல்லாம் திடுக்கிட்டு எழுந்து நின்றார்கள்.

"மாஷா அல்லா! பொணம் கூட எந்திரிச்சு ஓடும்மா," என்றார் பாய். "இதுக்கு மேல உனுக்கு இன்னா சர்ட்டிபிகேட்டு?"

இறுதித் தேர்வன்று அவள் ஆப்பைக் காட்டப் போனை எடுத்தாள். தேவப்பிரியம் கையை உயர்த்தித் தடுத்தார்.

"ஆப்பை அப்புறம் பார்ப்போம். நிகழ்வு பிளாக்கின் நிறம் என்ன?"

"மஞ்சா, மேடம்."

தேவப்பிரியம் பேனாவை மூடினார். சுவரில் மாட்டியிருந்த பலகையைக் காட்டினார். படகு நீலத்தில் அது பளபளத்தது. "ஆறு மாதம் இதன் கீழேயே உட்கார்ந்திருக்கிறீர்கள். அடுத்தவர்."

"மேடம், கம்ப்யூட்டர்ல மஞ்சாவாத்தான் கீது. இதோ படம் கூட எட்த்துகினு வந்துகிறேன்."

"கம்ப்யூட்டரை யார் பார்க்கச் சொன்னது? அறை இன்னும் திறக்கப்படவில்லையே."

வீட்டுக்கு வந்து சொன்னபோது பாரி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கவளம் பாதியில் நின்றது.

"எந்தப் பலகைமே? அந்த வாய் பொளந்தா மாதிரி இருக்குமே, அதுவா?"

"ஆமா."

"அடக் கடவுளே. அது நான் அட்ச்சதுமே. மஞ்சா தீந்துபோச்சு. போட்டுக்கு அட்ச்ச நீலம் மீதி இருந்துச்சு, இழுத்து வுட்டேன். எவன் பாக்கப் போறான்னு..."

யசோதரா அவனை ஒரு பார்வை பார்த்தாள். கட்டினவன் கையாலேயே தனக்குப் பரீட்சை போய்விட்டது என்று தெரிந்தால் எந்தப் பெண்தான் சும்மா இருப்பாள்? சாப்பிட்டு முடிக்கக்கூட விடவில்லை. மிச்ச நீலம் ஒட்டிய டப்பாவையும் அவனையும் மறுநாளே இயக்குநர் முன் கொண்டுபோய் நிறுத்தினாள்.

இயக்குநர் உச்சிமாகாளி தெற்கத்திச் சீமையிலிருந்து வந்தவர். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் ஊர்ப்பேச்சு வாயில் வராது, அச்சடித்த தமிழ்தான். டப்பாவை வாங்கி மோந்து பார்த்தார்.

"நீங்கள் செயலி உருவாக்கம் பயின்றிருக்கிறீர்களா?"

"இல்ல சார். நான் பெயிண்டரு."

"அப்படியென்றால் நிறத்தைப் பற்றி எந்தத் தகுதியில் பேசுகிறீர்கள்?"

"அம்மா, கவனியுங்கள்," என்று இயக்குநர் யசோதரா பக்கம் திரும்பினார். "மென்பொருள் என்பது இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று. ஒட்டுப்பலகை அப்படியல்ல. அதற்கு ஒரு நிலைத்தன்மை உண்டு. இருப்புப் பதிவேட்டில் நீலம் என்று ஏறிவிட்டது. மூன்று பேர் கொண்ட குழு நேரில் பார்த்து, நீலம்தான் என்று சான்றளித்திருக்கிறது. மஞ்சள் என்று நான் இப்போது ஒப்புக்கொண்டால், அந்த மூவரும் பார்வையற்றவர்கள் என்றாகும். அவர்களில் ஒருவன் நான். மென்பொருள் நிறுவனம்தான் திருத்திக்கொள்ள வேண்டும். மூன்று நினைவூட்டுக் கடிதங்கள் தயார் செய்துவிட்டோம்."

"முதல் கடுதாசிக்கு இன்னா சார் பதில் வந்துச்சு?"

"முதல் கடிதம் இன்னும் அனுப்பவில்லை. விலாசம் தேடுகிறோம்."

போகட்டும், நீலம் என்றே எழுதித் தொலைப்போம் என்று யசோதரா மறுதேர்வுக்குப் பணிந்தாள். உயிர் பெரிதா, கலர் பெரிதா? சான்றிதழ்ப் படிவத்தில் ஆறாம் கட்டம் 'நிகழ்வு பிளாக்கின் நிறம்'. 'நீலம்' என்று எழுதினாள். தேவப்பிரியம் மலர்ந்து கையெழுத்துப் போட்டார். படிவம் நான்கடி நகர்ந்து ஷிபின் மேஜைக்குப் போனது. ஆறாம் கட்டத்தைப் பார்த்ததும் அவர் முகம் கறுத்தது.

"நீலம் எங்களுடையது. கணக்கு பிளாக் ஆதியிலிருந்தே நீலம். ஒன்றரை வருடமாக ஒரு பிரிவு எங்கள் நிறத்தை அபகரித்து வைத்திருக்கிறது. இதில் நான் கையெழுத்திட்டால் என் பிரிவையே நான் தாரை வார்த்ததாக ஆகும்."

"மஞ்சான்னு எய்தட்டுமா சார்?"

"தாராளமாக."

மஞ்சள் என்று எழுதினால் தேவப்பிரியம் கையெழுத்தை அடித்துவிடுவார். நீலம் என்றால் ஷிபின் போடமாட்டார். இரண்டு பேரும் போட்ட பின்தான் இயக்குநர். ஆறாம் கட்டத்தை வெள்ளை மையால் அழித்து, வெறும் கட்டமாக, படிவத்தைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். ஒரு மாதம் அவள் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அந்த நான்கடிக்குள் நடந்தாள். மறுபடியும் மே வந்துவிட்டது. பெட்டிகளுக்குள் கால் வைத்தால் சுட்டது.

"நீ சர்ட்டிபிகேட்டு வாங்கறதுக்குள்ள நான் வெந்துடுவேன்டி," என்று ஜூடி சிரித்தாள். யசோதராவுக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த மாதக் கடைசியில் சிறப்பு விருந்தினர் நிச்சயம் வருகிறார் என்று செய்தி வந்தது. பாரியைக் கூப்பிட்டு வரவேற்பு வளைவுக்கு எழுத்து எழுதச் சொன்னார்கள். மைக் செட் கட்டி, பாட்டு முழங்கியது. ஒரே ஒரு மாணவியின் ஆப்பைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்றார்கள். நிலையத்தில் வேலை செய்கிற ஆப் அது ஒன்றுதான் என்பதால், தேர்வில் தேறாத யசோதராவையே கம்ப்யூட்டர் அறை வாசலில் ஒரு மேஜை போட்டு உட்கார வைத்தார்கள்.

பதினோரு மணிக்குத் தகவல் வந்தது. சிறப்பு விருந்தினர் டோல்கேட்டில் இருக்கிறார். முன்னே எழுபது லாரி, பின்னே எழுபது லாரி.

"அவர் வரும்வரை ஓர் ஒத்திகை பார்த்துவிடுவோம்," என்றார் இயக்குநர். ரிப்பனை வெட்டும் உரிமை சிறப்பு விருந்தினருக்கே என்பதால் இயக்குநரும் தேவப்பிரியமும் ஷிபினும் அதற்கு அடியில் குனிந்து, ஏறக்குறையத் தவழ்ந்து உள்ளே போனார்கள். விதிப்படி மூன்று போன்களும் தட்டில். யசோதரா, காட்சிக்காகத்தானே என்று, உச்சிமாகாளி, தேவப்பிரியம், ஷிபின் என்று மூன்று பெயரையும் ஏற்றி, ஒவ்வொன்றையும் ஒரு தரம் தட்டினாள்.

கடல்காற்று கதவை அறைந்து சாத்தியது. இத்தனை மாதம் உப்புக்காற்றில் ஊறிய பூட்டு 'கடக்' என்றது. பாட்டுச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை. உள்ளே ஒத்திகை நடப்பதாக வெளியே எல்லோரும் மோர் குடித்துக்கொண்டிருந்தார்கள். யசோதராவே பாரி எழுதிய எழுத்தில் ஒரு கொம்பு விட்டுப்போனதைச் சொல்லி அவனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

பதினைந்தாவது நிமிஷம் மேஜைமேல் இருந்த போன் அலறியது. "அடியே, உள்ள ஆளு கீதுடி! கதவத் தொறங்கடி! செத்துடப் போறாங்கடி!" ஜூடியின் குரல் பாட்டையும் தாண்டிக் கிடங்குச் சுவரில் மோதித் திரும்பியது. திரையில் மூன்று பெயரும் சிவப்பில் துடித்தன.

யசோதரா ஓடினாள். கதவில் காதை வைத்தாள். உள்ளேயிருந்து தட்டுகிற சத்தம் மெலிதாகக் கேட்டது. அடைத்த ஜன்னல், இணைப்புக் கொடுக்காத ஏசி, மே மாதத்து மதியம்.

"யோவ், ஓடியா! கதவு மாட்டிகிச்சு!"

பாரி பட்டி பார்க்கிற தகட்டையும் ஸ்குரூ டிரைவரையும் எடுத்துக்கொண்டு வந்தான். பூட்டு அசையவில்லை. கீலைத்தான் கழற்ற வேண்டும், எட்டு ஸ்குரூவும் துரு. ரிப்பன் குறுக்கே நின்றது. அவன் அதை இழுக்கப் போனான்.

"ரிப்பனைத் தொடாதீர்கள்!" என்று உள்ளேயிருந்து இயக்குநரின் குரல். "அது சிறப்பு விருந்தினருக்குரியது!"

பாரி ரிப்பனுக்கு அடியில் முட்டி போட்டுக்கொண்டு முதல் ஸ்குரூவைத் திருகினான். மூன்றாவது ஸ்குரூ வருவதற்குள் உள்ளே ஒரு பிரிவுச் சண்டை தொடங்கியிருந்தது. கதவிடுக்குக் காற்று யாருக்கு என்று. ஐந்தாவதில் இயக்குநரின் குரல் மறுபடி வந்தது. இந்தத் தடவை அச்சுத் தமிழ் கழன்றுவிட்டிருந்தது.

"ஏ ஐயா, அந்த ரிப்பன அறுத்து எறியும்யா! மூச்சு முட்டுது!"

யசோதரா கதவருகே மண்டியிட்டாள். அவளால் ஸ்குரூவை வேகப்படுத்த முடியாது. கை சும்மா இருக்கவில்லை. பையில் ஒரு மாதமாக மடித்து வைத்திருந்த படிவத்தை எடுத்தாள். அது தப்போ சரியோ, அவள் கண்முன் ஜூடியின் வீங்கின கைகள் நின்றன. பேனாவோடு கதவின் அடியில் தள்ளினாள்.

"சார், அவரு கழட்டிகினுதான் கீறாரு. இன்னும் மூணு ஸ்குரூதான், பயப்படாதீங்க. அதுவரிக்கும் இந்த ஆறாவது கட்டம் மட்டும் சொல்லுங்க சார். நீலமா, மஞ்சாவா?"

உள்ளேயிருந்து மூன்று குரலும் ஒன்றாகக் கிளம்பின. அவற்றுள் உச்சிமாகாளியின் குரல்தான் மேலே வந்தது.

"என்ன எளவு கலரா இருந்தா என்னம்மா! ஏ, அந்தப் பேனாவக் கொண்டா இங்க!"

எட்டாவது ஸ்குரூ விழுந்து கதவு சாய்ந்தபோது மூவரும் நனைந்த கோழி மாதிரி வெளியே வந்தார்கள். இயக்குநர் கையில் படிவம் இருந்தது. மோர் இரண்டு டம்ளர் உள்ளே போனதும் அவருக்கு அச்சுத் தமிழ் திரும்பிவிட்டது. ஒத்திகை வெற்றிகரமாக முடிந்தது என்று மைக்கில் அறிவித்தார். சிறப்பு விருந்தினர் டோல்கேட்டிலிருந்து திரும்பிப் போய்விட்டிருந்தார். புது ரிப்பன் வாங்க மறுநாளே குழு அமைந்தது. நிகழ்வு பிளாக்கின் நிறம் நீலமே என்ற சுற்றறிக்கை இன்றைக்கும் அமலில் இருக்கிறது. ஆனால் அந்தப் படிவத்தை யசோதரா இயக்குநர் கையிலிருந்து வாங்கி, அவர் டம்ளரைக் கீழே வைப்பதற்குள் சீல் அடித்து, பதிவேட்டில் நம்பர் போட வைத்து, வேனைப் பிடித்திருந்தாள்.

காட்டுப்பள்ளி கேட்டில் சேஃப்டி ஆபீசர் அதை மேலும் கீழும் படித்தார். நம்பர் சரி. மூன்று கையெழுத்தும் இருந்தன, கொஞ்சம் வியர்வையில் கலைந்து. ஆறாம் கட்டத்தில் அவர் விரல் நின்றது. அங்கே நடுங்கிய எழுத்தில் 'எந்த நிறமானாலும் சரி' என்று இருந்தது.

"என்னம்மா இது? ஒரு ஆபீஸ்ல இப்படியெல்லாம் எழுதித் தருவாங்களா?"

"ஆபீஸ்ல எழுதித் தரமாட்டாங்க சார்," என்றாள் யசோதரா. "இது உள்ள மாட்டிக்கினு எய்துனது."

அவருக்குப் புரியவில்லை. நம்பரைக் குறித்துக்கொண்டு பொதுப் போனை எடுத்து நீட்டினார். ஆப் ஏறியதும் ஜூடி துடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து, தன் பெயரை ஒரு தரம் தட்டிவிட்டு, நாற்பதடிப் பெட்டி ஒன்றுக்குள் ஏறினாள். யசோதரா கேட்டிலேயே நின்றாள். பதினோராவது நிமிஷம் ஜூடி வெளியே வந்து மறுபடி தட்டினாள்.